அட்வான்ஸ் கொடுக்கும் முதலாளி, யோசிக்கும் வங்கி: ரகுராம் ராஜனின் ஆராய்ச்சி காஞ்சிபுரம் தறிக்கு என்ன சொல்லுது?

காஞ்சிபுரத்தில் வீட்டுத் தறியில் பட்டு நெய்யும் ஒருவருக்கு அவசரமாக 30 ஆயிரம் ரூபாய் தேவைப்படுது. வங்கிக்குப் போனால் சம்பளச் சான்று, வருமான வரிக் கணக்கு, ஜாமீன் என வரிசையாகக் கேட்பாங்க. பாவும் ஊடையும் கொடுக்கும் முதலாளியிடம் போனால் ஒரு காகிதமும் வேண்டாம், அன்னைக்கே பணம் கைக்கு வந்துடும். ஆனால் அந்தப் பணத்தை அடைக்கும் வரை வேறு யாருக்கும் நெய்ய முடியாது.

வங்கி ஏன் தயங்குது? முதலாளி ஏன் தயங்குவதில்லை? உடனே கிடைச்ச அந்தப் பணத்துக்கு உண்மையான விலை என்ன?

இந்தக் கேள்விகளுக்கு ஆராய்ச்சியில் பதில் தேடிய ஒருவரை நமக்கு வேறு பெயரில் தெரியும். ரிசர்வ் வங்கி முன்னாள் ஆளுநர் ரகுராம் ராஜன்தான் அவர். அந்தப் பதவிக்கு வருவதற்கு ஏறத்தாழ 20 ஆண்டுகளுக்கு முன்பே, தெரிந்தவரிடம் வாங்கும் கடனில் உள்ள நன்மையையும் சிக்கலையும் அவர் கட்டுரைகளாக எழுதிட்டார். அவர் ஆராய்ந்தது காஞ்சிபுரத்தை இல்லை, அமெரிக்காவின் சிறு நிறுவனங்களை. ஆனால் கண்டுபிடிச்சது காஞ்சிபுரம் தறிக்கும் பொருந்தும். எப்படின்னு பார்க்கலாம்.

யார் இந்த ரகுராம் ராஜன்?

1963 பிப்ரவரி 3-ல் போபாலில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். 1985-ல் டெல்லி ஐ.ஐ.டி-யில் மின் பொறியியல் பட்டம், 1987-ல் அகமதாபாத் ஐ.ஐ.எம்-மில் எம்.பி.ஏ. பிறகு அமெரிக்காவின் எம்.ஐ.டி-யில் 1991-ல் முனைவர் பட்டம். ஆய்வின் தலைப்பு வங்கித் தொழில் பற்றியது.

அதே 1991-ல் சிகாகோ பல்கலைக்கழகத்தின் வணிகப் பள்ளியில் ஆசிரியராகச் சேர்ந்தார். நான்கே ஆண்டுகளில், 1995-ல், முழுப் பேராசிரியர் ஆனார். இடையில் சர்வதேச நிதியம், டெல்லி, மும்பை என எங்கெங்கோ போனாலும் ஒவ்வொரு முறையும் திரும்பி வந்தது சிகாகோ வகுப்பறைக்குத்தான்.

2003-ல் அமெரிக்க நிதியியல் சங்கம் 40 வயதுக்கு உட்பட்ட நிதி ஆய்வாளருக்கான ஃபிஷர் பிளாக் பரிசை வழங்கத் தொடங்கியது. முதல் பரிசே ராஜனுக்கு. அதே ஆண்டு சர்வதேச நிதியத்தின் தலைமைப் பொருளாதார வல்லுநர் ஆகி, 2006 வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். 2011-ல் அமெரிக்க நிதியியல் சங்கத்துக்கே தலைவர். 2012-ல் இந்திய அரசின் தலைமைப் பொருளாதார ஆலோசகர். 2013 செப்டம்பர் முதல் 2016 செப்டம்பர் வரை ரிசர்வ் வங்கியின் 23-வது ஆளுநர்.

தமிழ்நாட்டோடும் தொடர்பு உண்டு. 2021-ல் தமிழ்நாடு அரசு முதலமைச்சருக்கு ஆலோசனை சொல்ல ஐந்து பேர் கொண்ட பொருளாதாரக் குழுவை அறிவித்தது. எஸ்தர் டஃப்லோ, ஜான் டிரீஸ், அரவிந்த் சுப்பிரமணியன், எஸ்.நாராயண் ஆகியோருடன் ராஜனும் அதில் இடம்பெற்றார்.

கார்ப்பரேட் ஃபைனான்ஸ்னா என்ன?

பெயரைக் கேட்டதும் பெரிய கம்பெனி, பங்குச்சந்தைன்னு தோணும். அடிப்படை ரொம்ப எளிமையானது. ஒரு தொழிலுக்குப் பணம் எங்கிருந்து வருது? கொடுக்கிறவர் எதை நம்பிக் கொடுக்கிறார்? வாங்கினவர் திருப்பித் தரலைன்னா என்ன ஆகும்? லாபம் வந்தா யாருக்கு எவ்வளவு? இதைப் படிப்பதுதான் கார்ப்பரேட் ஃபைனான்ஸ்.

கோடிகளில் புரளும் நிறுவனத்துக்கு உள்ள கேள்விதான் ஒற்றைத் தறி வைத்திருப்பவருக்கும். ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு. பெரிய நிறுவனத்தின் கணக்கு எல்லோர் கண்ணுக்கும் தெரியும். தறிக்காரரின் கணக்கு அவரைச் சுற்றி இருப்பவர்களுக்கு மட்டும்தான் தெரியும்.

ராஜனின் ஆரம்பகால ஆராய்ச்சி முழுக்க இந்த 'யாருக்குத் தெரியும்' என்ற கேள்வியைச் சுற்றித்தான் நடந்தது.

பழகினவரிடம் கடன்: நன்மை என்ன?

1994-ல் மிட்செல் பீட்டர்சனுடன் சேர்ந்து ராஜன் ஒரு கட்டுரை வெளியிட்டார். அமெரிக்காவில் 1980-களின் கடைசியில் எடுக்கப்பட்ட சிறு நிறுவனக் கணக்கெடுப்பு ஒன்றை இருவரும் அலசினார்கள். அதில் 3,400-க்கும் மேற்பட்ட சிறு நிறுவனங்களின் விவரங்கள் இருந்தன.

தெரிய வந்தது இதுதான். ஒரே வங்கியோடு நெருங்கிப் பழகும் சிறு நிறுவனத்துக்குக் கடன் சுலபமாகக் கிடைக்குது. வட்டி பெரிய அளவில் குறையுதான்னா, அவ்வளவா இல்லை. பழக்கத்தால் வரும் முக்கிய லாபம், தேவைப்படும்போது கடன் கிடைப்பது. இன்னொன்றும் தெரிந்தது. பல இடங்களில் கடன் வாங்கும் சிறு நிறுவனங்களுக்கு வட்டியும் கூடியது, கடன் கிடைப்பதும் குறைந்தது.

காரணம் புரிந்துகொள்ளக் கூடியதுதான். பல ஆண்டுகளாக ஒருவரின் வரவு செலவைப் பார்ப்பவருக்கு அந்த ஆள் எப்படின்னு தெரியும். எந்த மாதம் கை இறுக்கம், எந்த மாதம் பணம் வரும், சொன்ன வாக்கைக் காப்பாற்றுவாரா என எல்லாம் தெரியும். புதிதாக வரும் வங்கிக்கு இதில் எதுவும் தெரியாது. அதனால் அது காகிதம் கேட்குது.

பட்டு நெசவில் முதலாளிக்கு உள்ள பலம் இதேதான். வாரம் தவறாமல் தறியைப் பார்க்கிறார். கோர்வை சரியா விழுதா, எத்தனை நாளில் சேலை இறங்குது, வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை எல்லாம் அவருக்குத் தெரியும். கொடுத்த கடனைக் கூலியில் பிடிச்சுக்கவும் முடியும். அதனால்தான் அவருக்குக் காகிதம் தேவைப்படுவதில்லை.

பாதி நெய்த சேலை: சிக்கல் என்ன?

இதோடு நின்றிருந்தால், பழகினவரிடம் கடன் வாங்குங்கன்னு சொல்லி முடிச்சிடலாம். ஆனால் அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே, 1992-ல், ராஜன் எழுதிய ஒரு கோட்பாட்டுக் கட்டுரை இதன் மறுபக்கத்தைக் காட்டியிருந்தது.

அவருடைய வாதம் இது. கடன் கொடுப்பவருக்கு நம்மைப் பற்றி நிறையத் தெரியும் என்பது நமக்கு உதவி. நல்ல நேரம் கெட்ட நேரம் பார்த்து அவரால் விட்டுக்கொடுக்க முடியும். ஆனால் அவருக்கு மட்டும்தான் தெரியும் என்றால், அதுவே அவர் கையில் பிடியாக மாறிடும். தொழில் ஆரம்பித்து பாதி வழியில் இருக்கும்போது அவர் நிபந்தனையை மாற்றினால், போக வேறு இடம் இருக்காது. புதிதாக ஒருவரிடம் போய்க் கேட்டால், "இத்தனை நாள் உன்னை அறிந்தவரே கொடுக்கலைன்னா நான் எப்படிக் கொடுப்பது?" என்ற சந்தேகம் வரும். ஆக, லாபத்தில் ஒரு பங்கு கடன் கொடுத்தவருக்குப் போய்ச் சேரும். அது வட்டி என்ற பெயரில் போகணும்னு அவசியம் இல்லை.

தறிக்கு இதைப் பொருத்திப் பார்த்தால் உடனே விளங்கும். ஒரு பட்டுச் சேலைக்கு வேலைப்பாட்டைப் பொறுத்து பத்து நாளும் ஆகலாம், ஒரு மாதமும் ஆகலாம். பட்டு முதலாளியுடையது, ஜரிகை முதலாளியுடையது, டிசைன் அவருடையது. பாவு பாதி ஓடியிருக்கும் நேரத்தில் கூலியைப் பேரம் பேச நெசவாளருக்கு என்ன பலம் இருக்கு? பழைய அட்வான்ஸ் பாக்கியும் இருந்தால் அந்தக் கொஞ்ச பலமும் போயிடும்.

'வட்டியே இல்லாத கடன்' என்று சொல்லப்படும் அட்வான்ஸின் விலையை இங்கேதான் தேடணும். வெளியில் கிடைக்கக்கூடிய கூலிக்கும் இங்கே வாங்கும் கூலிக்கும் வித்தியாசம் இருந்தால், அந்த வித்தியாசம்தான் வட்டி.

அட்வான்ஸ் எவ்வளவு தூரம் போனது?

இது வெறும் கணக்குப் பாடம் கிடையாது. 2003-ல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு இந்தியப் பட்டுத் தொழிலில் குழந்தைக் கொத்தடிமை முறை பற்றி அறிக்கை வெளியிட்டது. காஞ்சிபுரமும் அதில் இடம்பெற்றது. பெற்றோர் வாங்கிய அட்வான்ஸுக்காகக் குழந்தைகள் தறியில் உட்கார வைக்கப்பட்டதை அந்த அறிக்கை பதிவு செய்தது. கடன் கொடுத்தவரின் பிடி கூலியைத் தாண்டி அடுத்த தலைமுறையின் பள்ளிக்கூடம் வரை நீண்ட கதை அது.

சட்டம் இதில் தெளிவாக இருக்கு. முன்பணத்தைக் காரணம் காட்டி, ஒருவரை வேறு இடத்தில் வேலைக்குப் போகவிடாமல் கட்டிவைப்பது 1976-ம் ஆண்டின் கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டப்படி குற்றம். அப்படிப்பட்ட கடனைத் திருப்பிச் செலுத்தும் பொறுப்பையும் அந்தச் சட்டம் ரத்து செய்யுது. புகாரை மாவட்ட ஆட்சியரிடமோ கோட்டாட்சியரிடமோ கொடுக்கலாம்.

சரக்குக் கடனுக்கும் விலை உண்டு

நெசவாளர் மட்டும்தான் இந்த வலையில் இருக்கிறாரா? இல்லை. கர்நாடகத்திலிருந்து பட்டு நூலும் சூரத்திலிருந்து ஜரிகையும் வாங்கும் சிறு உற்பத்தியாளரும், ஜவுளிக்கடைக்கு சேலையைக் கடனுக்குக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பவரும் இதே வலையில்தான் இருக்காங்க.

1997-ல் பீட்டர்சனும் ராஜனும் சரக்குக் கடனைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை எழுதினார்கள். வங்கிக் கடன் கிடைக்காத நிறுவனங்கள்தான் சரக்குக் கடனை அதிகம் நம்பியிருக்கின்றன என்பது அதில் தெரிந்தது. சரக்கு கொடுப்பவர் ஏன் துணிந்து கடன் கொடுக்கிறார்? வாங்குபவரின் வியாபாரம் அவருக்குத் தெரியும், பணம் வரலைன்னா அடுத்த சரக்கை நிறுத்தலாம், கொடுத்த சரக்கைத் திரும்ப எடுத்து வேறொருவருக்கு விற்கவும் முடியும்.

இதில் விலை எங்கே ஒளிஞ்சிருக்கு? ஒரு கணக்கு பாருங்க. "பத்து நாளில் பணம் கட்டினா 2% தள்ளுபடி, இல்லைன்னா 30-வது நாள் முழுத்தொகை" என்று ஒரு வியாபாரி சொல்றார். தள்ளுபடியை விட்டுவிட்டு 30-வது நாள் கட்டினால், கூடுதலாகக் கிடைத்த 20 நாளுக்கு நீங்க கொடுத்த விலை 2%. ஆண்டுக் கூட்டு வட்டியாகப் போட்டால் இது சுமார் 44%. பில்லில் 'வட்டி' என்ற வார்த்தையே இருக்காது.

கடன் கொடுக்கும் வங்கிக்கே கடிவாளம்

2001-ல் டக்ளஸ் டயமண்டுடன் சேர்ந்து ராஜன் எழுதிய கட்டுரை இதே சிந்தனையை வங்கிகளுக்குப் பொருத்தியது. இந்த டயமண்ட்தான் 2022-ல் வங்கிகள் பற்றிய ஆய்வுக்காக பென் பெர்னான்கி, பிலிப் டிப்விக் ஆகியோருடன் பொருளாதார நோபல் பரிசு பெற்றவர்.

கடன் வாங்கியவர்களைப் பற்றி வங்கிக்கு மட்டும்தான் நல்லாத் தெரியும். அப்படின்னா வங்கியும் தன்னிடம் டெபாசிட் போட்டவர்களிடம் பேரம் பேசலாமே? "வசூல் பண்ண எனக்குத்தான் தெரியும், உங்க பங்கைக் குறைச்சுக்கோங்க" என்று சொல்லலாமே? அதைத் தடுப்பது டெபாசிட்தாரர் எப்போ வேணும்னாலும் பணத்தை எடுக்கலாம் என்ற உரிமைதான் என்றது அந்தக் கட்டுரை. வங்கியைப் பலவீனமாக்கும் அதே விஷயம்தான் வங்கியை ஒழுங்காகவும் வைக்குது. இதே விதி நெசவாளருக்கும் உண்டு. விட்டு விலகிப் போக முடிந்தால்தான் எதிரே இருப்பவர் ஒழுங்காக நடந்துகொள்வார்.

2005 ஆகஸ்டில் அமெரிக்காவின் ஜாக்சன் ஹோல் மாநாட்டில், உலக மத்திய வங்கியாளர்கள் முன்னிலையில், நிதித்துறையின் சம்பள முறையே ஆபத்தைத் தேடி ஓட வைக்குதுன்னு ராஜன் எச்சரித்தார். லாரன்ஸ் சம்மர்ஸ் உள்ளிட்டோர் அங்கேயே அவரை விமர்சித்தார்கள். 2008-ல் நெருக்கடி வந்தபோது அந்தப் பேச்சை உலகம் திரும்ப எடுத்துப் படித்தது.

1904-ல் காஞ்சிபுரம் கண்ட வழி

பழக்கத்தின் நன்மை வேணும், பிடி வேண்டாம். அப்படி ஒரு வழி இருக்கா? 120 ஆண்டுகளுக்கு முன்பே காஞ்சிபுரம் ஒரு வழியை முயற்சி செய்திருக்கு.

1904 மார்ச்சில் கூட்டுறவுக் கடன் சங்கங்கள் சட்டம் வந்தது. அதே ஆண்டு அக்டோபரில் இந்தியாவின் முதல் நகரக் கூட்டுறவுக் கடன் சங்கம் பதிவானது. பதிவான ஊர், அன்றைய சென்னை மாகாணத்தின் காஞ்சிபுரம்.

இதில் உள்ள யோசனை எளிமையானது. ஒரே ஊர், ஒரே தொழில், ஒருவரை ஒருவர் தெரியும். ஆக, கடன் கொடுக்கத் தேவையான தகவல் சங்கத்திடமே இருக்கு. ஆனால் அது ஒரு தனி மனிதரின் கையில் இல்லை. கடன் வாங்குபவரும் அந்தச் சங்கத்தின் ஒரு பங்குதாரர். பிறகு வந்த பட்டுக் கூட்டுறவுச் சங்கங்களும் இதே பாதையில்தான் வந்தன. பட்டும் ஜரிகையும் கொடுத்து, சேலையை வாங்கி, கூலி கொடுத்து, தனியார் முதலாளிக்கு மாற்றாக இன்னொரு வாசலைத் திறந்தன.

சங்கங்களிலும் சேலை தேங்குவது, நிர்வாகக் குறைகள் எனப் பிரச்சினைகள் உண்டு. ஆனாலும் இரண்டாவது வாசல் ஒன்று இருப்பதே முதல் வாசலில் நிற்பவரின் பேரத்தைக் கூட்டும்.

நாற்காலியில் உட்கார்ந்த பிறகு என்ன செய்தார்?

பேராசிரியராகச் சொன்னதை ஆளுநராகச் செயல்படுத்தினாரா? ஓரளவுக்கு ஆம்.

2008-ல் அவர் தலைமையிலான நிதித்துறைச் சீர்திருத்தக் குழு, 'நூறு சிறு அடிகள்' என்று பொருள்படும் தலைப்பில் அறிக்கை கொடுத்தது. உள்ளூரில் வேரூன்றிய சிறு வங்கிகளை அதிகம் அனுமதிக்கணும் என்பது அதில் ஒரு பரிந்துரை. ஆளுநரான பிறகு, 2014 நவம்பரில் சிறு நிதி வங்கிகளுக்கான விதிகளை ரிசர்வ் வங்கி வெளியிட்டது. அந்த வங்கிகள் கொடுக்கும் கடனில் குறைந்தது பாதி, 25 லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட கடன்களாக இருக்கணும். 2015 செப்டம்பரில் 10 நிறுவனங்களுக்குக் கொள்கை அளவிலான அனுமதி கிடைத்தது. சென்னையின் ஈக்விட்டாஸ் அதில் ஒன்று.

2016 ஏப்ரல் 11-ல் மும்பையில் யு.பி.ஐ சோதனை முறையைத் தொடங்கி வைத்தவரும் ராஜன்தான். இன்று பூக்கடை வரை இருக்கும் அந்த ஸ்கேன் பலகைக்கும் கடனுக்கும் என்ன சம்பந்தம்? கையில் வாங்கும் கூலிக்குப் பதிவு இல்லை. கணக்கில் விழும் கூலிக்குப் பதிவு உண்டு. இதுவரை முதலாளிக்கு மட்டும் தெரிந்த வரலாறு, இப்போ நெசவாளர் கையில் இருக்கும் ஆதாரமாக மாறுது. ஒருவரின் சம்மதத்தோடு அவருடைய வங்கி விவரத்தைக் கடன் கொடுப்பவரிடம் கொண்டு சேர்க்கும் 'அக்கவுண்ட் அக்ரிகேட்டர்' முறையும் ரிசர்வ் வங்கியின் 2016 விதிகளில் பிறந்து, 2021-ல் நடைமுறைக்கு வந்தது.

விமர்சனங்களும் உண்டு. 2015-ல் வங்கிகளின் வாராக்கடனை வெளிக்கொண்டுவர ரிசர்வ் வங்கி எடுத்த நடவடிக்கையால் தொழில்களுக்குக் கடன் சுருங்கிப்போச்சு, பொருளாதார வேகம் குறைஞ்சதுக்கு அதுதான் காரணம்னு 2018-ல் நிதி ஆயோக் துணைத்தலைவராக இருந்த ராஜீவ் குமார் குற்றம்சாட்டினார். அவருடைய காலத்தில் வட்டி விகிதம் அதிகமாக இருந்து சிறு தொழில்களைப் பாதித்தது என்ற குற்றச்சாட்டும் எழுந்தது. மறைச்சு வைச்ச கடனை வெளியில் காட்டாமல் வங்கிகளைச் சரிசெய்ய முடியாது என்பது ராஜன் தரப்பின் வாதம்.

அதே 2018-ல் நாடாளுமன்ற மதிப்பீட்டுக் குழுவுக்குக் கொடுத்த குறிப்பில், முத்ரா கடன்களில் உள்ள அபாயத்தைக் கூர்ந்து கவனிக்கணும்னு அவர் எழுதினார். சிறு தொழிலுக்கு ஆதரவாகப் பேசும் ஒருவர் ஏன் இப்படி எழுதினார்? இலக்கை எட்டுவதற்காக, ஆளைத் தெரியாமலே கொடுக்கும் கடன் நிலைக்காது என்பதுதான் அவருடைய பழைய ஆராய்ச்சியின் சாரமும்.

நெசவாளரும் சிறு வியாபாரியும் என்ன செய்யலாம்?

கூலியோ வியாபாரப் பணமோ, முடிந்தவரை வங்கிக் கணக்கு வழியாக வரட்டும். ஆறு மாதம், ஒரு வருடம் தொடர்ந்து விழும் வரவுதான் காகிதம் கேட்கும் வங்கிக்கு நீங்க காட்டக்கூடிய முகவரி.

பல இடங்களில் சிறிது சிறிதாகக் கடன் வாங்குவதைவிட, ஒரு வங்கி அல்லது கூட்டுறவுச் சங்கத்தோடு தொடர்ந்து கணக்கு வைப்பது நல்லது. பழகிய இடத்தில்தான் அவசரத்துக்குக் கடன் கிடைக்கும் என்பதை 3,400 நிறுவனங்களின் கணக்கு காட்டுது.

அட்வான்ஸ் வாங்கினால் தேதி, தொகை, ஒவ்வொரு கூலியிலும் எவ்வளவு பிடிச்சாங்க, மீதி எவ்வளவு என்பதை உங்க நோட்டிலும் எழுதி வைக்கணும். பாக்கி எவ்வளவுன்னு அவருக்கு மட்டுமே தெரியும் என்ற நிலை இருக்கக் கூடாது.

நெசவாளர் அடையாள அட்டை வைத்திருப்பவர்கள், மத்திய அரசின் நெசவாளர் முத்ரா திட்டத்தில் 6% வட்டிக்குக் கடன் கேட்கலாம். விவரங்களுக்கு அருகிலுள்ள கைத்தறித் துறை அலுவலகத்தையோ நெசவாளர் சேவை மையத்தையோ அணுகலாம்.

கடைசியாக ஒன்று. 'வட்டி இல்லை' என்று யாராவது கடன் கொடுத்தால், இந்த மாதம் வேறொருவருக்கு நெய்தால் எவ்வளவு கூலி வரும்னு விசாரிச்சுப் பாருங்க. அந்தத் தொகையிலிருந்து இப்போ வாங்கும் கூலியைக் கழிச்சா, வட்டி எவ்வளவுன்னு தெரிஞ்சிடும்.